சிவப்புப் பூ வந்தது

மலைக்கோயிலிலிருந்து இறங்கும் பேருந்தில் எனக்கு முன் இருக்கையில் ஒரு தம்பதி. மகன் எந்தக் கார் வாங்கலாம் என்று சாமியிடம் பூப்போட்டுக் கேட்டுவிட்டு வருகிறார்கள். சிவப்பா வெள்ளையா என்பதில் சிவப்பு வந்திருக்கிறது.

“அப்போ ரெண்டு கதவு வண்டிதான்,” என்றார் கணவர்.

“செவப்பு வந்தா நாலு கதவுன்னு இல்ல நான் வேண்டிகினேன்?”

“நான் மாத்தி இல்ல வேண்டிகினேன். ரேஸ் வண்டி மாரி இருந்தாலும் சாமான்லாம் வைக்கலாமாம். புள்ள ஆசப்பட்றான்.”

“அவன் ஓட்ற வேகத்துக்கு அது வேணாங்க. பயமா கீது. இன்னொரு தபா கேக்கலாமா?”

“கேட்டதையே கேட்டா சாமி இன்னா நெனைக்கும்?”

கைபேசி அடித்தது. மகன்தான். அந்த அம்மா எடுத்தார்.

“ஆங் நைனா, பூ வந்துட்ச்சு. நாலு கதவுதான்.”

கணவர் மலைப் பக்கம் திரும்பிக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.