மூன்றாம் கூடையின் வேகம்

இரவு இரண்டு மணி பத்து நிமிஷம். கரும்பு ரயில் தண்டவாளத்தை ஒட்டி ஆலைக்குப் போகிற ரோடு. ஒரு நாய்கூட இல்லை... வதீ மட்டும் சைக்கிளில். நம்ம கமால் இருக்கிறானே, அவனுடைய மச்சான். மூன்றாம் மிஷினை ஓட்டுகிறவர். தூங்கினவரை எழுப்பி வரச் சொல்லியிருந்தார் என்ஜினியர் ருஷ்தி; ஆட்கள் மரியாதைக்குக் கூப்பிடுவது 'பாஷா'.

அந்த மிஷின் பாகைச் சுழற்றிச் சர்க்கரையைப் பிரிக்கிற இரும்புக் கூடை. ஆள் இறங்கி நிற்கலாம். அச்சின் தலையில் என்கோடர். அச்சு சுற்றச் சுற்ற அது துடிப்பு அனுப்பும், பி.எல்.சி. என்கிற கன்ட்ரோல் பெட்டி அதை எண்ணி வேகத்தைத் திரையில் காட்டும். துடிப்பே வரவில்லையா? கூடை நின்றிருக்கலாம். வயர் அறுந்தும் இருக்கலாம். இந்த அரையணா விஷயம் ருஷ்தியின் மண்டையில் ஏறவே இல்லை.

போன சீசனில் வயர்தான் அறுந்திருந்தது. திரையில் பூஜ்யம். "தெறடா மூடியை" என்றார். சுரண்டக் கைவிட்ட தொழிலாளி ஹரீதியை ஓடுகிற கூடை அள்ளித் தன் சுவரோடு அறைந்து கொன்றது. 'தொழிலாளியின் கவனக்குறைவு' என்று எழுதிக் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போனார் அந்தப் பெரிய மனுஷன். தூ!

வதீயை எழுப்பி வரவழைத்த இந்த இரவிலோ, மோட்டாரையே கழற்றி ரிப்பேருக்கு அனுப்பியாகிவிட்டது. கூடையில் சர்க்கரை பாறையாக இறுகிக் கிடந்தது; வதீ இறங்கிச் சுரண்ட வேண்டும். ஆனால் திரையில்... பன்னிரண்டு.

"பாஷா, கூடை அசையல. சுத்துறதா காட்டுது. நான் எறங்க மாட்டேன்."

"பயந்தாங்கொள்ளி! பக்கத்துக் கேபிளோட தொந்தரவுடா அது. எறங்கு, இல்லன்னா நாளைலேர்ந்து வேலைக்கு வராத."

வதீக்கு மூன்று பெண் குழந்தைகள்.

ருஷ்தி என்கோடர் வயரைப் பிடுங்கினார். பூஜ்யம். "பாத்தியா? அறிவிருந்தா நீ ஏன் கூடை சுரண்டப்போற?"

வயரைப் பிடுங்கினால் பூஜ்யம் வராமல் வேறென்ன வரும்? பட்டும் திருந்தாத ஜென்மம்.

"அப்ப நீங்களே எறங்குங்க பாஷா."

சுற்றி நின்றவர்கள் பார்த்தார்கள். கௌரவம் விடுமா? பிடுங்கின வயரை வதீயிடம் திணித்துவிட்டு, சிரித்துக்கொண்டே இறங்கினார்.

வயர் வதீயின் கையில்தான் இருந்தது. திரையில் நாற்பது... முந்நூறு... தொள்ளாயிரம். கருகிய பாகு வாடை. கூடை அசையவில்லை. சத்தமில்லை.

"பாஷா?"

வதீ சிலுவை போட்டுக்கொண்டு எட்டிப் பார்த்தார். ருஷ்தி கூடைச் சுவரில் முதுகு ஒட்டி, தரையில் கால் படாமல்... கன்னமெல்லாம் காதுப்பக்கம் இழுத்துக்கொண்டு, கண்ணைத் திறந்தபடி இருந்தார்.

சாகவில்லை. அதுகளுக்கெல்லாம் சாவு சீக்கிரம் வராது. வீட்டோடு கிடக்கிறார். கட்டிலை அறை நடுவில்தான் போடுகிறாள் பெண்டாட்டி. விளக்கணைத்ததும் சரசரவென்று நகர்ந்து போய்ச் சுவரில் ஒட்டிக்கொள்கிறாராம். நாலு ஆம்பிளைகள் சேர்ந்து இழுத்தாலும் வருவதில்லை. விடிகிற நேரம், தொப்பென்று விழுகிற சத்தம் மட்டும் கீழ்வீட்டுக்காரர்களுக்குக் கேட்கிறது.