பொய்ப்பெட்டி

காப்பியை ஆறவிடாதீர்கள், இன்ஸ்பெக்டர். என் மகள் மரியகொரெட்டி போட்டது. சர்க்கரை ஒரு கரண்டி கூடத்தான் இருக்கும். வீட்டுக்கு வந்தவர்களுக்குக் கை நிறையப் போட வேண்டும் என்று அவள் அம்மா பழக்கிவிட்டுப் போயிருக்கிறாள்.

நீங்கள் எதற்காக அம்பாங்கான் வரை என்னைத் தேடி வந்தீர்கள் என்று எனக்குத் தெரியும். கம்யூனிஸ்டுகளோடு காட்டில் இருந்த என் மைத்துனன் மைக்கல்ராஜ் இறங்கிவந்து சரணடைந்ததைப் பேப்பரில் படித்தேன். தனக்கு அரிசி கொண்டுவந்து கொடுத்தது தன் அக்காள் விக்டோரியா என்று சொல்லியிருப்பான். உண்மைதான். விக்டோரியா என் மனைவி. போன வருடம் காலமாகிவிட்டாள், இனி அவளை யாரும் ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் அந்தக் குற்றத்துக்காக ஐம்பத்திரண்டில் பஞ்சாலை என்ற வேறொரு பெண்ணைப் பிடித்துக் கப்பலேற்றினார்களே, அது எப்படி நடந்தது என்பதுதானே உங்கள் கேள்வி? நியாயமான கேள்வி. சொல்கிறேன். இன்று கடையில் வேலை குறைவு. பழுதுக்கு வந்த ரேடியோக்கள் காத்திருக்கட்டும்.

அப்போது சுவாவுக்கு உள்ளே ஒரு ரப்பர் தோட்டத்தில் நான் இஞ்சின் டிரைவர். காட்டில் இருந்தவர்களுக்கு அரிசி போகாமலிருக்க, நாங்கள் குடியிருந்த லயங்களைச் சுற்றி முள்கம்பி வேலி போட்டிருந்தார்கள். அந்த வேலி விளக்குகளுக்கு மின்சாரம் தரும் இஞ்சினைப் பார்த்துக்கொள்வது என் வேலை. தோட்டத்துத் துரை படித்துவிட்டுத் தூக்கிப் போடும் ஆங்கில சஞ்சிகைகளை நான் எடுத்துப் படிப்பேன். அதில் ஒன்றில் மனிதத் தோலைப் பற்றி எழுதியிருந்தார்கள். உலர்ந்த தோல் மின்சாரத்தை எளிதில் விடாது. ஆனால் பயமோ பதற்றமோ வந்தால் உள்ளங்கை நமக்கே தெரியாமல் கசியும், அப்போது மின்சாரம் சுலபமாகப் பாயும். உடம்பு தன் மனதை இப்படிக் காட்டிக்கொடுக்கிறது என்பது எனக்குப் பெரிய ஆச்சரியமாக இருந்தது. தேயிலைப் பெட்டிப் பலகையில் ஒரு கருவி செய்தேன். உள்ளே ரேடியோ பேட்டரி, மேலே பழைய மீட்டரிலிருந்து கழற்றிய ஊசி, இரண்டு பக்கமும் கம்பி கட்டிய காலி பால் டின்கள். டின்களைக் கையில் பிடித்தவன் பதறினால் ஊசி எழும்பும். ஜனங்கள் அதற்குப் பொய்ப்பெட்டி என்று பெயர் வைத்தார்கள்.

முதலில் அது விளையாட்டுத்தான். கிறிஸ்துமஸ் அன்று லயத்து வாசலில் வைத்து ஆளாளுக்குப் பிடித்துப் பார்த்தோம். நல்லசாமி என்று ஒருவர், ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவர், நெடி இரண்டு வாசல் தள்ளி அடிக்கும் அளவுக்குக் கள் குடித்துவிட்டு வந்து, "நானா? சொட்டுக்கூடத் தொடல லா" என்றார். ஊசி அசையவே இல்லை. எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு மட்டும் அது உறுத்தியது. அவர் கையைத் திருப்பிப் பார்த்தேன். காலையில் எடுத்த பால் உள்ளங்கையில் காய்ந்து, மெல்லிய தோலாகப் படிந்திருந்தது. ரப்பர்தானே அது? மின்கம்பிக்கு மேலே சுற்றுகிற அதே ரப்பர். அந்தக் கையோடு அவர் கொலையே செய்துவிட்டு வந்திருந்தாலும் ஊசிக்குத் தெரியப் போவதில்லை. இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் பெட்டியின் மதிப்புப் போய்விடும் என்று நினைத்தேன். நான் செய்ததிலேயே உருப்படியான பொருள் அது ஒன்றுதான்.

சில மாதங்கள் கழித்து, தோட்டத்துக்குப் பின்னாலிருந்த காட்டில் ஒரு முகாமைப் போலீசார் பிடித்தார்கள். ஆட்கள் தப்பிவிட்டார்கள், எங்கள் தோட்டத்து அரிசி கிடந்தது. கொண்டுபோன ஆள் யாரென்று தெரியாவிட்டால் மொத்த லயத்துக்கும் அரிசி பாதியாகும் என்று உத்தரவு வந்தது. ஏற்கெனவே அளந்து கொடுத்த அரிசி, அதிலும் பாதி. துரைக்குப் பெட்டி ஞாபகம் வந்தது. விசாரிக்க வந்த வெள்ளைக்கார அதிகாரியிடம் என்னைப் பெருமையாக அறிமுகப்படுத்தினார். எல்லோரையும் சோதித்துவிடலாம் என்று நானும் சொன்னேன். அதைச் சொன்னபோது எனக்கு எதுவும் தெரியாது. இதை நீங்கள் நம்ப வேண்டும்.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னேன். விக்டோரியா மீன் கழுவிக்கொண்டிருந்தாள்.

"என்னங்க, அந்தப் பெட்டிய வைக்காதீங்க" என்றாள்.

"ஏன்?"

"என் கையிலயும் குடுப்பாங்கல்ல."

அவ்வளவுதான் சொன்னாள். அரிசியைத் துணியில் முடிந்து இடுப்பைச் சுற்றிக் கட்டிக்கொண்டு போயிருக்கிறாள். இரண்டு பிள்ளைகள் வயிற்றிலேயே கலைந்துபோனவள் அவள். இடுப்பு கொஞ்சம் பருத்திருப்பதைப் பார்த்து, மறுபடியும் உண்டாகியிருக்கிறாள் என்று நினைத்து, வேலி வாசலில் சோதனை போடும் பெண் தொட மனமில்லாமல் விட்டிருக்கிறாள். தம்பி பசியோடு கிடக்கிறான் என்ற ஒன்றைத் தவிர அவளுக்கு அரசியல் எதுவும் தெரியாது. அவள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. பயம்தான் வந்தது. அவள் இல்லாத வீட்டை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

அதற்குப் பிறகு நான் செய்தது, கெட்டுப்போன ரேடியோவைப் பார்ப்பது போலத்தான். எங்கே அடைக்க வேண்டும், எங்கே விட வேண்டும் என்று யோசித்தேன். சோதனையைப் பால் நிறுக்கும் கொட்டகையிலேயே வைத்துக்கொள்ளலாம், ஆட்கள் பால் வெட்டிவிட்டு நேரே வருவார்கள், வேலை கெடாது என்று துரையிடம் சொன்னேன். நல்ல யோசனை என்றார். ஸ்டோரில் வேலை செய்பவர்கள், புல் வெட்டுபவர்கள் கையில் பால் படாதே? அவர்களைப் பால் வாளி தூக்கிக் கொடுக்கச் சொன்னேன். ஒத்தாசைதானே, எல்லோரும் தூக்கினார்கள். விக்டோரியாவிடம், பாலைக் கையில் நன்றாகப் பூசிக் காயவிட்டு வா என்று சொல்லியிருந்தேன்.

ஆனால் யாருக்குமே ஊசி எழும்பவில்லை என்றால் பெட்டி சரியில்லை என்று ஆகிவிடும். வேறு வழியில் விசாரிப்பார்கள். அந்த வேறு வழி என்னவென்று அந்தக் காலத்தில் வேலிக்குள் இருந்த எல்லோருக்கும் தெரியும். ஆகவே ஒரு கை சுத்தமாக இருக்க வேண்டியிருந்தது.

பஞ்சாலை ஆயாக் கொட்டகையில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்பவள். புருஷன் லாரி கவிழ்ந்து செத்துப்போனான். நாளெல்லாம் பிள்ளைகளைக் கழுவிக் கழுவி அவள் கைகள் வெளுத்து ஊறியிருக்கும். அவளை யாரும் வாளி தூக்கச் சொல்லவில்லை. ஏன் அவள் என்று கேட்டால், அவள் தனிக்கட்டை. அவளுக்காக வந்து கேட்க அண்ணன் தம்பி இல்லை. சுவாவிலேயே பிறந்தவள், ஆனால் அதற்கு ஒரு சான்றும் இல்லை. மூன்று வயதில் ஒரு பெண் பிள்ளை மட்டும் இருந்தது, பெயர் நீலாவதி. வேலை முடிந்து வந்ததும் விக்டோரியா ஆயாக் கொட்டகை வாசலில் போய் நிற்பாள். அந்தப் பிள்ளை இவளைப் பார்த்தால் தாவிக்கொண்டு வரும். அதையெல்லாம் நான் அப்போது யோசிக்கவில்லை.

சோதனை அமைதியாக நடந்தது. அதிகாரி ஆங்கிலத்தில் கேட்பார், நான் தமிழில் சொல்வேன், ஆட்கள் டின்னைப் பிடித்தபடி பதில் சொல்வார்கள். ஊசி தூங்கிக்கொண்டிருந்தது. விக்டோரியாவின் முறை வந்தபோது அவள் முகத்தை நான் பார்க்கவில்லை. ஊசியைப் பார்த்தேன். அது நகரவில்லை. உடம்பெல்லாம் நடுங்கினாள், ஆனால் ஊசி நகரவில்லை.

பிறகு பஞ்சாலை வந்தாள். டின்னைப் பிடித்ததுமே ஊசி பாதிக்கு மேல் போயிற்று. அரிசி எடுத்தாயா என்று கேட்டதும் எதிர்ப்பக்கம் முட்டி நின்றது. அவள் ஊசியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், அழ ஆரம்பித்தாள்.

"எடுத்தேண்ணே. கஞ்சி காய்ச்சின சட்டியில அடியில ஒட்டினத, எம் பிள்ளைக்கு ஒரு கை எடுத்தேன். சாமி சத்தியமா அவ்வளவுதாண்ணே. தொரைக்குச் சொல்லுங்கண்ணே."

அரிசி எடுத்ததை ஒப்புக்கொள்கிறாள் என்று ஆங்கிலத்தில் சொன்னேன். அதில் பொய் ஒன்றும் இல்லை. மீதியைச் சொல்லவில்லை, அவ்வளவுதான். அவர்களும் கேட்கவில்லை.

அங்கிருந்தே லாரியில் ஏற்றினார்கள். பிள்ளையைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று கெஞ்சினாள். லாரி திரும்பும்போது, "அக்கா, நீலாவுக்குக் கஞ்சிய ஆத்திக் குடுங்க, சூடா குடுத்தா வாய் வெந்துரும்" என்று விக்டோரியாவைப் பார்த்துத்தான் கத்தினாள். அந்தக் குரல் இன்னமும் என் காதில் இருக்கிறது. நான் கல்நெஞ்சன் இல்லை.

மறுவாரம் அரிசி முழுதாக வந்தது. "டொனால்ட் அண்ணன் இல்லேன்னா நம்ம பிள்ளைங்க பட்டினி லா" என்று காலையில் ஆள் எண்ணும் பெரட்டுக்களத்தில் என்னைப் பற்றி என் காதுபடச் சொன்னார்கள். அதுவும் கணக்கில் வர வேண்டும் இல்லையா? சோதனை நடந்த அன்று விக்டோரியா உள்ளங்கையில் ஒட்டியிருந்த பாலை உரித்து உரித்துப் போட்டாள். "ஏன் பஞ்சாலை?" என்று கேட்டாள். யாராவது ஒருவர் வேண்டுமே என்றேன். எழுந்து ஆயாக் கொட்டகைக்குப் போய்ப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். கஞ்சியை ஆற்றித்தான் கொடுத்தாள்.

பஞ்சாலையைத் தடுப்பு முகாமில் வைத்திருந்து, இந்தியாவுக்குக் கப்பலேற்ற முடிவு செய்தார்கள். அவள் கண்ணால் பார்த்திராத ஊர். பிள்ளையையும் கூட அனுப்ப வேண்டும் என்று முகாமிலிருந்து ஓர் ஆள் அழைத்துப் போக வந்தார். பிள்ளைக்கு வேர்க்குரு கொட்டியிருந்தது. அம்மை போட்டிருக்கிறது, தொற்றிக்கொள்ளும் என்று சொல்லி முதுகைத் திறந்து காட்டினேன். அவர் வாசற்படி ஏறவில்லை. கப்பல் போய்விட்டது. விக்டோரியா உள்ளே நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் கேட்டிருப்பேன்.

அதன் பிறகு இந்தப் பக்கம் வந்து ரேடியோக் கடை போட்டோம். சந்தோஷமாகத்தான் இருந்தோம். போன வருடம் சுங்கை காடுட் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஆறுமுகம் என்பவர் ரேடியோ வாங்க வந்தார். ஊருக்குப் போய்த் திரும்பியவர், மறுபடியும் போகிறவர். நாகப்பட்டினத்தில் கப்பல் வந்தால் ஒரு பெண் ஓடி வந்து, மலாயாவில் சுவா தெரியுமா, என் பிள்ளையைத் தெரியுமா என்று இறங்குகிற ஒவ்வொருவரையும் கேட்கிறாளாம். மூட்டை தூக்கிப் பிழைக்கிறாளாம். நான் அந்தத் தோட்டத்தில் இருந்தவன் என்று தெரிந்ததும், "என்ன சொல்லட்டும் அவகிட்ட?" என்று கேட்டார்.

"அந்த அம்மையிலேயே போயிருச்சுன்னு சொல்லுங்க" என்றேன்.

காத்துக்கொண்டே இருப்பதைவிட ஒரு தடவை அழுது முடித்துவிடுவது நல்லது. அவள் நன்மைக்காகத்தான் சொன்னேன். விக்டோரியா திரைக்குப் பின்னால் இருந்திருக்கிறாள். அன்றிலிருந்து அவள் சோற்றைச் சரியாகத் தொடவில்லை. ஆஸ்பத்திரியில் ஏதோ நோயின் பெயர் சொன்னார்கள்.

அதோ, அடுப்படியில் பாடிக்கொண்டு பாத்திரம் கழுவுகிறாளே, அவள்தான். ஞானஸ்நானம் கொடுத்து மரியகொரெட்டி என்று பெயர் வைத்தோம். நீலாவதி என்று நீங்கள் கூப்பிட்டுப் பாருங்கள், திரும்ப மாட்டாள். அந்தப் பெயர் அவளுக்கு நினைவில்லை.

எழுதிக்கொள்ளுங்கள். என் மனைவியைக் காப்பாற்ற ஓர் அப்பாவியை மாட்டிவிட்டது நான். அவள் சொன்னதில் பாதியை மறைத்தது நான். அவள் பிள்ளையை வைத்துக்கொண்டது நான், உயிரோடு இருக்கிற பிள்ளையைச் செத்துவிட்டதாகச் சொல்லி அனுப்பியதும் நான். பஞ்சாலையின் முறை வருவதற்கு முன்னால், டின்களைத் துடைத்துச் சுத்தம் செய்கிறேன் என்று உப்புத்தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்ததும் நான்தான். கை ஈரமாக இருந்தாலே ஊசி எழும்பும், உப்பும் சேர்ந்தால் தூங்குகிறவன் கையிலும் எழும்பும். எல்லாவற்றுக்கும் கையெழுத்துப் போடுகிறேன்.

ஒன்றை மட்டும் மாற்றி எழுதிவிடாதீர்கள், இன்ஸ்பெக்டர். நான் யாரையும் கை நீட்டிக் காட்டவில்லை. காட்டியது ஊசி.