ஏழாம் நம்பர் பிளேட்டு

— கதவைச் சாத்தும், ஜபருல்லா. அந்த ஏழாம் நம்பர்ச் சாக்கடைப் பிளேட்டை எடும். அதைக் குடுக்க வேண்டாம்.

— குடுக்காமலா? படம் புடிக்கப் பன்னெண்டு கண்ணாடிப் பிளேட்டு எண்ணிக் குடுத்திருக்கான் ஜப்பான்காரன். பன்னெண்டும் திரும்பக் கேப்பான். மத்தியான லுஹர் தொழுகைக்கு முன்னாடி சிப்பாய் வந்திருவான்லா. நீங்க முனிசிபல் ஓவர்சியரு, எப்படியாச்சும் தப்பிச்சிருவீங்க. ஸ்டூடியோக்காரன் என் தலதான் போகும்.

— படம் பிடிக்கிறது நாளைக்கெண்டுதானே சொன்னவங்கள்? நீர் ஏன் நேற்றே அந்தச் சாக்கடைக்குள்ள இறங்கினீர்?

— நானா இறங்குனேன்? துப்பாக்கியோட வந்து இழுத்துட்டுப் போனான். வெள்ளைக்காரன் கட்டுன பாலம், மதகு, தண்ணித் தொட்டி எல்லாம் எடுத்தாச்சு, ரோட்டுக்கு அடியில போற செங்கல் சாக்கடை, அந்த லொங்காங்கும் இன்னிக்கே வேணும்னான். உள்ள கும்மிருட்டு. வெளிச்சப் பொடியக் கொளுத்துனேன், எனக்கே கண்ணு பூத்துப்போச்சு. காலையில பிளேட்டக் கழுவிப் பாத்தா, உள்ளுக்க ரெண்டு பேரு குந்தித் தின்னுட்டு இருக்கான்! யாருண்ணே அது?

— உயரமானவன் என்ர மகன். கனகசுந்தரம்.

— யா அல்லா! அக்கரையில சுங்கை பாக்காப்பு ஊருல இருக்கான்னு சொன்னீங்களே!

— பொய். சயாம் ரயில் வேலைக்கு ஆள் பிடிக்கத் தொடங்கின நாளில இருந்து அதுக்குள்ளதான் கிடக்கிறான். அவையளைச் சுரண்டி விடும், ஜபருல்லா. உம்மால ஏலும்.

— முடியும். சுரண்டுன எடம் படத்துல கறுப்பா விழும், இருட்டோட இருட்டாப் போயிரும். ஆனா கண்டுபுடிச்சிட்டா? மூணு பொட்டப்புள்ள வச்சிருக்கேன். உங்க மவனுக்கு நான் ஏன் கழுத்தக் குடுக்கணும்? என் மவன் இஸ்மாயிலு போனப்ப எவன் குடுத்தான்?

— மெல்லக் கதையும்.

— என்னத்த மெல்ல! அன்னிக்கும் பீச்சாங்கையால சோறு தின்னான். எத்தன வருஷமா சொல்லுறேன், கேக்கல. அகப்பையால அந்தக் கையிலயே போட்டேன். கோச்சிக்கிட்டு வெளிய போனவன, ரோட்டுலயே லோரியில ஏத்திட்டானுங்க. நாலு மாசம். செத்தானா இருக்கானா, ஒரு சேதி இல்லண்ணே. நான் குடுத்த கடைசிச் சாமான் அந்த அடி.

— எனக்குத் தெரியும். நேரம் போகுது... கத்தியை எடும்.

— எடுக்கிறேன்லா. ஒரு புள்ளையாச்சும் தப்பட்டும். ஜன்னல் பக்கம் வாங்க, இந்தப் பூதக்கண்ணாடியப் புடிங்க. ஏண்ணே, உங்க மவனும் இடது கையாலதான் தின்னுவானா?

— என்ர மகனோ? வலக்கையாலதான் சாப்பிடுறவன்.

— அட ஆமா. சுரண்டுறதுக்காக மருந்து பூசுன பக்கத்த மேல வச்சிருக்கேன். இப்படிப் பாத்தா இடம் வலமா மாறித் தெரியும். படத்துல லொங்காங்குச் செவுத்துல எழுதியிருக்கிற ஏழும் மாறித்தானே நிக்குது. இருங்க, திருப்புறேன். ம்... இப்ப ஏழு நேரா இருக்கு. உங்க மவன் வலது கை, சரி. அப்ப, பக்கத்துல தலையக் குனிஞ்சு குந்தியிருக்கிறவன்...

— ஓம்.

— இவன் இடது கையால தின்னுறான்.

— ஓம், ஜபருல்லா.

— ஓவர்சியரண்ணே...

— அக்கரையில, புக்கிட் மெர்தாஜாமில, சயாம் போற ரயிலால குதிச்சவன். ஓர் இரவு களவாக அக்கரைக்குப் போன என்ர மகன்தான் கண்டு, தோணியில கூட்டிக்கொண்டு வந்தவன். அத்தாவிட்டச் சொல்ல வேண்டாம், அவருக்கு முகத்தில எதையும் மறைக்கத் தெரியாது, சிப்பாய் கண்டுபிடிச்சிடுவான் எண்டு உம்மட இஸ்மாயில்தான் கெஞ்சினவன். நான் சாப்பாடு கொண்டுபோற ஒவ்வொரு நாளும் கேப்பான், அத்தாவுக்குக் கோவம் தீர்ந்திட்டுதோ எண்டு.

— நாலு மாசம்... நாலு தெரு தள்ளி...

— பூட்ஸ் சத்தம் கேக்குது. கெதியாச் சுரண்டும்!

— கத்தி இந்தாங்க. அந்தக் கைய மட்டும் நீங்க சுரண்டுங்கண்ணே, மத்தத நான் பாத்துக்கிறேன்.