ஊட்டிப் புல்லில் விழுந்த சொட்டை

ஸ்ரீரங்கத்திலிருந்து ஜங்ஷன் போகும் பஸ்ஸில் எனக்கு முன் ஸீட்டில் இருந்தவர் பக்கத்தில் இருந்தவரிடம், "புல்லுக்குச் சொட்டை விழுந்துடுச்சு மச்சான்" என்றார். ஏதோ ஒரு கிளப்பின் தோட்டக்காரர் என்று பேச்சிலிருந்து தெரிந்தது.

"புல்லுக்கா?"

"பூஞ்சை நோய். வட்டம் வட்டமா கருகிக் கிடக்கு. நாளைக்குக் கலெக்டருக்கு டீ பார்ட்டி. அவர் கண்ணுல பட்டா என் வேலை போயிடும்னு செக்ரட்டரி சொல்லிட்டார்."

"மருந்து அடிக்கலையா?"

"மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து அடிச்சேன். புல்லும் நீலமாச்சு, செக்ரட்டரி நாயும் நீலமாச்சு. நோய் மட்டும் அப்படியே இருக்கு."

"வேற புல்லு போடு, மாப்ளே."

"அருகம்புல்லுன்னா இந்த நோய் அவ்வளவா அண்டாதுன்னேன். 'பிள்ளையாருக்குச் சாத்துற புல்லை மெம்பருங்க மிதிக்கிறதா'ன்னு செக்ரட்டரி கோவிச்சுக்கிட்டார். இப்ப இருக்கிற ஊட்டிப் புல்லேதான் வேணுமாம்."

காவிரிப் பாலம் தாண்டியதும் மச்சான் கேட்டார்.

"பின்ன என்னதான் செய்யப்போறே?"

"ஒவ்வொரு சொட்டை மேலயும் ஒரு நாற்காலி. இருக்கறதுலயே பெரிய சொட்டை மேல சோபா, அதுல கலெக்டர். எந்திரிங்கன்னு அவர்கிட்ட எந்த செக்ரட்டரி சொல்லுவார்?"