பொட்டு வைக்காத ஆரத்தி

1999 நாடாளுமன்றத் தேர்தல் நேரம். சேலத்திலிருந்து ஏற்காடு ஏறும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் தலைச்சோலை எஸ்டேட்டுப் பெண்கள் இருவர். அடிவாரத்திலிருந்து கண்ணை மூடிக்கொண்டே வந்த இளையவள் திடீரென்று சொன்னாள்:

“பொட்டு வெக்க மாட்டேன்னுட்டேனுங்க்கா.”

“ஆருக்கு?”

“ஓட்டுக் கேட்டு வந்தவருக்குத்தான். ஆரத்தித் தட்டைப் புடிச்சுட்டே கேட்டேன். எங்கூட்டுக்காரரு கிளியூர்ல இன்னொரு குடும்பம் வெச்சிருக்கறாரு. அவரு மேல கேஸ் போட எனக்குச் சட்டத்துல எடமில்லைன்னு வக்கீல் சொல்றாரு. நான் ஒருத்தனோட போனா மட்டும் அவன எங்கூட்டுக்காரரு ஜெயிலுக்கு அனுப்பலாமாம். இதை மாத்துவீங்களான்னேன்.”

“அத்தன சனத்துக்கு முன்னாலயா?”

“அவரு தனியா எங்கீங்க்கா வர்றாரு?”

“என்ன சொன்னாரு?”

“அது வெள்ளக்காரன் போட்ட சட்டம்மா, டெல்லியிலதான் மாத்தணும்னாரு. டெல்லிக்குப் போகத்தானுங்களே ஓட்டுக் கேக்கறீங்கன்னேன். கூட வந்தவங்க சிரிச்சாங்க. அதுக்குள்ள கற்பூரமே அணைஞ்சு போச்சு.”

“அப்பறம்?”

“கிளியூருன்னு நான் சொன்னது மட்டும் காதுல உழுந்துருக்கும்போல. ஜெயிச்சா அங்க தார் ரோடு போடறேன்னுட்டுப் போயிட்டாரு.”

வளைவில் பஸ் திரும்பியது. இளையவள் ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்துக்கொண்டாள்.

“இப்ப மழை நொம்பப் பேஞ்சா சேத்துல அங்க போக முடியாம ரெண்டு நாளாவது ஊட்டுல இருக்கறாரு. ரோடும் வந்துட்டா அதுவும் இல்லீங்க்கா.”