இடைவேளைக்குப் பிறகு

"இடைவேளை வரைக்கும் நல்லா இருந்தா போதும்க்கா. மீதிய நான் பாக்கறதில்ல."

ராயக்கோட்டையிலிருந்து ஓசூர் போகும் எங்கள் கம்பெனி பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள். வீட்டில் பார்க்கப் பழைய படங்களாகச் சொல்லும்படி இளையவள் கேட்டுக்கொண்டு வந்தாள்.

"அதென்னடி பாதிப் படம்?"

"ஷிப்ட்டுக்கு நேரமாயிடுதே. பழைய படம்னா இடைவேளைன்னு எழுத்து வரும், அங்க நிறுத்திட்டு கெளம்பிடுவேன். அவரு ட்யூட்டி முடிஞ்சு வந்து மீதியப் பாப்பாரு. ஞாயித்துக்கெழம நான் முன்பாதி சொல்வேன், அவரு பின்பாதி சொல்வாரு."

"காமெடி ஒண்ணு இருக்குது, பொய் சொல்லி வாடகை வீடு புடிக்கறவன் கதை. அப்புறம் ஒரு பேய்ப் படம்."

"பேய் வேண்டாம். பின்பாதிய அவரு தனியாப் பாக்கணும், பாவம்."

மூத்தவள் சிரித்தாள். "போன வாரம் சொன்னேனே லாரி டிரைவர் படம், ரெண்டு பேரும் பாத்தீங்களா?"

"ம். கடைசில அந்த டீச்சரம்மாவக் கட்டிக்கிட்டு, சொந்தமா லாரி வாங்கிட்டானாமே. அவருதான் சொன்னாரு."

"அவன் லாரியோட பள்ளத்துல..." என்று தொடங்கியவள் நிறுத்திக்கொண்டாள். ஜன்னலுக்கு வெளியே சானமாவுக் காடு போய்க்கொண்டிருந்தது.

"ஆமா. வாங்கிடுவான்."

பிறகு மூத்தவளே அடுத்த படத்தைச் சொன்னாள். "அண்ணன் தங்கச்சி படம் ஒண்ணு இருக்குது. முடிவ என்னால ரெண்டாந்தடவ பாக்கவே முடியல. அதப் போடு. எப்படி முடிஞ்சதுன்னு அவரு சொன்னா, எனக்கு வந்து சொல்லு."

"நீ பாத்ததுதானேக்கா?"

"பாத்ததுதான். இருந்தாலும் சொல்லு."