அட்டவணையில் இல்லாத தீவு

சாட்டிக் கடற்கரையில் அக்கா இரண்டு ஐஸ்கிறீம் குடித்தாள், இன்ஸ்பெக்டர் ஐயா. பல்லுக்கொதி அதனால்தான் தொடங்கியதோ, முன்பே இருந்ததோ, எனக்கு நிச்சயமில்லை. நிச்சயமில்லாததை நான் டயறியில்கூட எழுதுவதில்லை.

றோஸ் அக்கா கோயில் பெருநாளுக்காகப் பிரான்சிலிருந்து ஊர்காவற்றுறைக்கு வந்திருந்தாள். அவளுடைய கணவர் ஜெனுஷன் ஒருகாலத்தில் என்னோடு மாலை ஆங்கில வகுப்புக்கு வந்தவர். அவருடைய மோட்டார் சைக்கிளில்தான் இருவரும் போய்வந்தோம். அவர் வெளிநாடு போனபின் அவர் வீட்டார் என்னைப் பெண் கேட்டு வந்தார்கள். மூத்தவள் இருக்கிறாளே என்றார் அப்பா. அவ்வளவுதான்.

"உன்ர வகுப்புக்காரர் அங்க என்ர குசினியில வெங்காயம் உரிக்கிறார், தெரியுமோடி?" என்று அக்கா சிரிப்பாள். நானும் சிரிப்பேன்.

வந்த அன்றே ஒரு தாளைத் தந்தாள். பயணத்துக்கென்று டொக்டர் ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தது.

"எனக்கு ஏதோவொரு நோக் குளிசை கூடாதாம். பேரைப் பார்த்து ஞாபகம் வைச்சிரு. நீதானே படிச்சவள்."

வாசித்தேன். அவளுடைய ஈரல் கோடீன் என்ற நோ மருந்தை, அதாவது வலி மருந்தை, மளமளவென்று மோர்பீனாக மாற்றிவிடும், மூச்சு நின்றுபோகலாம், இது பரம்பரையாக வருவது. கீழே ஐரோப்பிய நாடுகளின் அட்டவணை இருந்தது. இப்படிப்பட்டவர்கள் வடக்கே குறைவு. தெற்கே கிரேக்கம் பக்கம் போகப் போகக் கூடுகிறார்கள். இலங்கை அதில் இல்லை. திரும்பவும் தேடினேன். இல்லை.

பல்லுக்கொதி வந்த அன்று மத்தியானம் ஜெனுஷன் வீடியோவில் வந்தார். "அழாதையும் றோஸ், நான் கெதியா வாறன்" என்றார். பிறகு என்னைக் கண்டு, "நிமலினி, நீர் இவவைப் பார்த்துக்கொள்ளும்" என்றார். நான் ஓம் என்றேன்.

அக்கா என் அலுமாரியிலிருந்து ஒரு குளிசைப் பெட்டியை எடுத்து வந்தாள்.

"இது எனக்குப் போடலாமோ?"

"ஓம்."

"நோ விடாட்டி?"

"திரும்பவும் போடுங்கோ அக்கா."

பின்னேரம் தேத்தண்ணி கொண்டுபோனேன். அவள் எழும்பவில்லை.

அது ஐரோப்பியருக்காக எழுதப்பட்ட தாள், ஐயா. தீவார் உடம்புக்கு அது பொருந்தும் என்று நான் நம்பவில்லை. அதனால்தான் ஓம் என்றேன்.

அந்தக் கோடீன் பெட்டி யாருடையது என்று கேட்டீர்கள். என்னுடையதுதான். அக்கா வந்த மறுவாரம் என் கடைவாய்ப் பல் நோவுக்கு ஆஸ்பத்திரியில் கொடுத்தார்கள். நான் அதை உடைக்கவேயில்லை. ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள், எனக்கும் அப்படி இருந்தால் என்ன செய்வது என்று, கராம்பைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டேன்.